லேத்தைத் தடுத்தது அண்ணன் அல்ல

அண்ணனின் பட்டறையில் வேலை பார்த்த ஆரோக்கியத்துக்கு லேத் என்னும் கடைசல் இயந்திரத்தைக் கொடுக்கவிடாமல் தடுத்தவன் நான். "அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை" என்று அவரிடம் பொய் சொன்னவனும் நான். அண்ணனின் நினைவு மலரில் முதலில் இதைத்தான் எழுத வேண்டும்.

அண்ணன் வெள்ளகோவில் பக்கத்து மானாவாரிக் காட்டில் பிறந்தவர். மழை பொய்த்த வருடம் எட்டாவதோடு படிப்பை நிறுத்திக் கோவைக்கு வந்தார். பட்டறைகளில் வேலை பழகி, காந்திபுரத்துக்கு வடக்கே சொந்தமாகப் பம்ப்செட் பட்டறை வைத்தார். அந்தச் சம்பாத்தியத்தில்தான் நான் பொருளாதாரம் படித்துப் பேராசிரியரானேன்.

தொழில் நன்றாகப் பிடிபட்ட ஆளுக்குப் பழைய லேத் ஒன்றையும் முதல் ஆர்டரையும் கொடுத்து, தனிப் பட்டறை வைக்க அனுப்பிவிடுவது அண்ணனின் வழக்கம்.

"போட்டிக்கு ஆள நாமளே வளத்தறதாண்ணா?" என்பேன்.

"பொழச்சுக்கிட்டுப் போறாங்க, உடு தம்பி. கோயமுத்தூருக்கு வேணுங்கற பம்புசெட்ட எல்லாம் நாமளே பண்ணி முடிச்சரலாமா?" என்று சிரிப்பார்.

வகுப்பில் நான் அமெரிக்காவின் பங்குச் சந்தையையும், கம்பெனியின் மேற்பார்வைக் குழுவில் தொழிலாளிக்கு இடம் தரும் ஜெர்மனியையும், ஓய்வுபெறும்வரை ஆளைக் கைவிடாத ஜப்பானியக் கம்பெனிகளையும் ஒப்பிட்டுப் பேசுவேன். திறமைசாலி மேலே வர வழிவிடுவதே நல்ல முதலாளித்துவம் என்று முடிப்பேன். அண்ணனின் பட்டறையை ஒரு நாளும் அந்த வரிசையில் சேர்த்ததில்லை.

ஆரோக்கியம் பண்ணைக் கூலிகளாக இருந்த கிறிஸ்தவக் குடும்பத்துப் பிள்ளை. அவர் ஷாஃப்ட் கடைந்தால் மறுபடி அளந்து பார்க்க வேண்டியதில்லை. அவருக்கு லேத் தரலாமா என்று அண்ணன் கேட்டபோது, "டிப்ளமோ இல்லை, தகுதி போதாது" என்றேன். அதற்கு முன் தனியாகப் போன மூவரிடமும் டிப்ளமோ கிடையாது. அவர்கள் எங்கள் சொந்தக்காரர்கள். ஆரோக்கியம் எங்கள் ஆள் இல்லை. என் மனதில் இருந்த காரணம் அவ்வளவுதான். அதற்குத் தகுதி என்று பெயர் வைத்தேன்.

படித்தவன் சொல்கிறானே என்று அண்ணன் ஒரு வருடம் தள்ளிவைத்தார். நானோ, அண்ணன் முடியவே முடியாது என்றுவிட்டதாக ஆரோக்கியத்திடம் சொன்னேன். மறுநாளே அவர் வேலையை விட்டு நின்றுவிட்டார். அண்ணன் ஆள் அனுப்பியும் வரவில்லை.

"என்ன தப்புப் பண்ணிப்போட்டேன்னே தெரியல, தம்பி" என்று அண்ணன் பல வருடம் சொல்லிக்கொண்டிருந்தார். நான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அண்ணன் படுக்கையில் விழுந்த பிறகே உண்மையைச் சொன்னேன்.  என்னைப் பார்க்காமலே, "அவங்கிட்டப் போய்ச் சொல்லு" என்றார்.

ஆரோக்கியம் இன்னமும் வேறொருவர் பட்டறையில் ஷிப்ட் பார்த்துக்கொண்டிருந்தார். எல்லாவற்றையும் சொன்னேன். இப்போதாவது ஒரு லேத் வாங்கித் தருகிறேன் என்றேன்.

"ஏனுங்க சார், அறுபத்திமூணு வயசுக்கு மேல டிப்ளமோ பாஸ் பண்ணிப்போட்டனுங்களா?" என்றார். அடுத்த நிமிடம் அவர் குரல் உடைந்தது. "பெரியவர இத்தன வருசம் திட்டிப்போட்டனுங்களே."

அன்று மாலையே வந்தார். அண்ணன் அடையாளம் கண்டு, "வா கண்ணு, சாப்புட்டயா?" என்றார்.

அண்ணனைக் கவனித்துக்கொண்ட மருத்துவர்களுக்கும், வீட்டில் அடுப்பெரியாத நாள்களில் சாப்பாடு கொண்டுவந்த உறவினர்களுக்கும் எங்கள் குடும்பம் கடமைப்பட்டிருக்கிறது. கடைசி மூன்று வாரமும் தினம் வந்த ஆரோக்கியத்துக்கு நன்றி சொல்ல எனக்கு அருகதை இல்லை. அண்ணன் சார்பில் சொல்கிறேன். அறைக்குள் அவர்கள் இருவரும் பழைய கதை பேசிச் சிரிப்பது வெளியே கேட்கும். நான் உள்ளே போனதும் நின்றுவிடும். அதனால் மாலை வேளைகளில் நான் வெளியிலேயே உட்கார்ந்துகொண்டேன்.