பொட்டு வைத்த படிகம்

பல வருஷம் நான் படிகம் வளர்த்தேன். வீட்டில் சொன்னால், மீன் வளர்க்கிறேன் என்று சொன்னது போலக் கேட்டுக்கொள்வார்கள். மாங்கனீசு, குளோரின், கூடவே ஒரு கரிமச் சேர்மம். கரைத்து மெதுவாக உலரவிட்டால் படிகம் வரும். ஒரே சரக்குதான். மாங்கனீசைச் சுற்றி நாலு குளோரின் உட்கார்ந்தால், புற ஊதா டார்ச் வெளிச்சத்தில் பச்சையாக ஒளிரும்; ஆறு உட்கார்ந்து நெருக்கினால் சிவப்பு. தாராவியில் ஒற்றை அறையில் வளர்ந்த எனக்கு இதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. நாலு பேர் படுக்கிற அறையும் ஆறு பேர் படுக்கிற அறையும் ஒன்றா என்ன?

விரிசலில்லாத பச்சைப் படிகம் ஒன்று எனக்குக் கிடைத்தாக வேண்டும். எக்ஸ்ரே கருவியில் வைத்து, எந்த அணு எங்கே இருக்கிறது என்று காட்டினால்தான் என் முனைவர் பட்ட ஆய்வு தேறும். உதவித்தொகை முடியப்போகிற நேரம். மும்பை மழைக்காலம் என் படிகங்களை ஒவ்வொன்றாக ஈரமாக்கிக் கெடுத்தது. மழை விட்ட பிறகு ஒன்றே ஒன்று, அரிசிமணி அளவில், சுத்தமாக வந்தது. கருவியில் என் முறை சரஸ்வதி பூஜை கழிந்து மறுநாள்.

அப்பா தோல் பை தைக்கிறவர். பூஜைக்குத் தன் கத்தி, ஊசி, சுத்தியல் எல்லாவற்றையும் கழுவி வைப்பார். நான் வருஷாவருஷம் லேப்டாப்பை வைப்பேன்.

“லேப்டாப்பு கடையில வாங்குனதுல்லா. நீ செஞ்சத ஒரு தடவயாவது வையிட்டி,” என்றார்.

எனக்கும் ஆசைதான். இறுக மூடிய கண்ணாடிக் குப்பியில் எடுத்துவந்து டார்ச் அடித்துக் காட்டினேன். அப்பா டார்ச்சைக் கையில் வாங்கி, அந்தப் பச்சையைத் திரும்பத் திரும்ப அடித்துப் பார்த்தார். நான் பூ வாங்க கிங்ஸ் சர்க்கிளுக்குப் போனேன்.

திரும்பி வந்தபோது குப்பி திறந்திருந்தது. படிகத்தின் தலையில் ஈரச் சந்தனம், அதன்மேல் குங்குமம்.

“வெறும் டப்பாவுக்கா பொட்டு வைப்பாவ? உள்ள இருக்கதுக்குல்லா வைக்கணும்,” என்றார். முகமெல்லாம் சிரிப்பு.

டார்ச் அடித்தேன். பச்சை இல்லை. சந்தனத்தின் தண்ணீர் உள்ளே நுழைந்து எல்லாவற்றையும் இடம் மாற்றிவிட்டது. தெருவே கேட்கும்படி கத்தினேன்.

“காய வச்சா சரியாவாதா?” என்று கேட்டார்.

காய வைத்தேன். பச்சை திரும்பியது. ஆனால் படிகம் பொடிப்பொடியாக நொறுங்கியிருந்தது. எக்ஸ்ரேக்குப் பொடி போதாது, முழுப் படிகம் வேண்டும். மறுபடி வளர்த்துப் பார்த்தேன். கருவிக்கு உதவாத, ஊசிபோல மெல்லிய படிகங்கள்தான் வந்தன. அதற்குள் வேறொரு நாட்டில் யாரோ அதே படிகத்தின் அமைப்பை அச்சில் கொண்டுவந்துவிட்டார்கள். உதவித்தொகை நின்றது, ஆய்வும் நின்றது. இப்போது செம்பூரில் பத்தாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறேன். அப்பாமேல் தப்பில்லை என்று எல்லாரும் சொல்கிறார்கள். எனக்கும் தெரியும். கோபம் மட்டும் போகவில்லை.

அடுத்த வருஷப் பூஜைக்கு டியூஷன் புத்தகங்களை வைத்தேன். அப்பா கத்திக்குப் பொட்டு வைத்தார், ஊசிக்கு வைத்தார், சுத்தியலுக்கு வைத்தார். புத்தகத்துக்கு வந்ததும் கையை இழுத்துக்கொண்டார்.

“ஒன் சாமானுக்கு நீயே வச்சிக்கம்மா,” என்று சந்தனக் கிண்ணத்தை என் பக்கம் நகர்த்திவிட்டு, எழுந்து வெளியே போய்விட்டார்.