சிரிக்கவைத்த வில்லன்

என் முதல் நாவலின் வில்லனுக்கு நான் ஒரு தழும்பு கொடுத்திருந்தேன். சிவந்த கண், அடித்தொண்டைக் குரல், பின்னால் எப்போதும் இரண்டு அடியாட்கள். கொட்டாஞ்சேனையில் இருக்கும் என் தோழி கைப்பிரதியை வாசித்துவிட்டு போனில் சொன்னாள்:

"கோவிக்காத. உன்ர வில்லன் வந்தாலே நான் பக்கத்தைத் தள்ளிப்போட்டு அடுத்த அத்தியாயத்துக்குப் போயிடுறன். அவன் என்ன செய்வான் எண்டு முதலே தெரியுது."

எனக்குக் கோபம்தான் வந்தது. ஆனாலும் அந்த மழைக்காலம் முழுவதும் அந்த அத்தியாயங்களைத் திரும்பத் திரும்ப எழுதினேன். தழும்பை நீளமாக்கினேன். அடியாட்களைக் கூட்டினேன். அவன் உயிர் பெறவில்லை.

கொழும்பு வெள்ளவத்தையில், கடலை நோக்கி இறங்கும் ஒழுங்கை ஒன்றில் நானும் அம்மாவும் இருக்கிறோம். நான் கொள்ளுப்பிட்டியில் காப்புறுதி வேலை, எழுத்தெல்லாம் விடியற்காலையில். எங்களுடையது மாடி இல்லாத பழைய வீடு. பின்னுக்கும் எதிருக்கும் அடுக்குமாடிகள் எழும்பிவிட்டன. எங்களோடு சேர்த்து ஒழுங்கையில் மிஞ்சியவை நாலு வீடுகள்தான்.

ஒரு சனிக்கிழமை காலை, கேக் பெட்டியும் கையுமாக ஒருவர் வந்தார். காணித் தரகர். ஐம்பதைத் தாண்டியவர், நெற்றியில் திருநீறு, தேய்த்த வெள்ளைச் சட்டை.

"அம்மா, என்னைப் பாத்தா புரோக்கர் மாதிரியோ கிடக்கு? என்ர மனிசி இன்னும் நான் கோயில் நிர்வாகத்தில இருக்கிறன் எண்டுதான் நினைச்சுக்கொண்டிருக்கிறா. சொல்லிப்போடாதையுங்கோ."

அம்மா சிரித்தார். நானும் சிரித்தேன். தேத்தண்ணி போட்டுக் கொடுத்தோம். அவர் கதிரையில் நன்றாகச் சாய்ந்துகொண்டு, வேறொரு ஒழுங்கையில் வீட்டை விற்க மறுத்த ஒரு மனிதரைப் பற்றிச் சொன்னார்.

"சுத்திவர அடுக்குமாடி. வளவுக்குள்ள ஒரு சொட்டு வெயில் இல்லை. பாவம், உடுப்புக் காயப்போட மனிசன் இப்ப பஸ் ஏறி காலிமுகத்திடலுக்குப் போறார். போன கிழமை ஈரச் சாரத்தோட ஏற, கண்டக்டர் சாரத்துக்கும் டிக்கெட் கேட்டவனாம்."

அம்மாவுக்குக் கண்ணில் நீர் வந்துவிட்டது, சிரித்துச் சிரித்து. அப்பா போன பிறகு அவர் அப்படிச் சிரித்து நான் பார்க்கவில்லை.

போகும்போது தரகர் விறாந்தைச் சுவரை விரலால் தட்டிப் பார்த்தார். "பக்கத்து வீட்டு டீச்சர் காணியைக் குடுக்க ஓம் எண்டிட்டா, தெரியும்தானே? அங்க அத்திவாரம் இடிக்கத் தொடங்கினா இந்தச் சுவர் பாவம்." பிறகு என்னைப் பார்த்து, அதே சிரிப்போடு, "தங்கச்சி வேலையால வர ஆறரை ஆகும் என்ன? அதுவரைக்கும் அம்மா தனிய" என்றார். சொல்லிவிட்டுச் செருப்பைப் போட்டுக்கொண்டு போய்விட்டார்.

நான் எத்தனை மணிக்கு வருவேன் என்று அவருக்கு நாங்கள் சொல்லவில்லை.

கேக் பெட்டி மேசையிலேயே கிடந்தது. இருவரும் அதைத் தொடவில்லை. "நல்ல மனிசன்தான்" என்றார் அம்மா, கேட்டுக்குப் பூட்டுப் போட்டபடி. எங்கள் வீட்டில் பகலில் கேட்டைப் பூட்டி நான் பார்த்ததில்லை. அதற்குப் பிறகு அம்மா பக்கத்து டீச்சரோடு மதிலடியில் நின்று கதைப்பதும் நின்றுபோனது. இவ்வளவு காலம் பழகியும் வீட்டைக் கொடுப்பதைப் பற்றி ஒரு வார்த்தை சொல்லவில்லையே என்ற மனவருத்தம்.

எனக்கு அந்தக் கிழமை சரியாக நித்திரை இல்லை. பயத்தைவிட என்னை அரித்தது வேறு: அந்த ஆள் மிரட்டியபோதுகூட என் முகத்தில் சிரிப்பு மிச்சமிருந்தது. சிரித்துக்கொண்டிருக்கிறவளால் சட்டென்று எழுந்து "வெளிய போங்கோ" என்று சொல்ல முடிவதில்லை. அடியாட்கள் செய்ய முடியாத வேலையை ஒரு பகிடி செய்துவிடுகிறது.

என் வில்லனின் தழும்பை அழித்தேன். அடியாட்களை வீட்டுக்கு அனுப்பினேன். அவன் கதாநாயகியின் வீட்டுக்கு வந்தான், சீனி குறைவாகத் தேத்தண்ணி கேட்டான், தன்னையே பகிடி பண்ணினான். ஈரச் சாரத்தையும் அவனுக்கே கொடுத்தேன். எழுதும்போது கை நிற்கவில்லை.

எழுதி முடித்ததை அம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன். சாரத்தில் சிரித்தார். சுவரைத் தட்டும் இடத்தில் கையை நீட்டி என்னை நிறுத்தினார்.

"இது அந்த ஆள்தானே?"

"ஓம்."

"அவர் கதைச்சுக்கொண்டிருக்கேக்க எனக்கு ஒண்டும் விளங்கேல்லை. நீ வாசிக்கத்தான் விளங்குது." மதில் பக்கம் பார்த்தார். "டீச்சரும் இப்பிடித்தான் சிரிச்சிருப்பாவோ?"

எழுந்து நேரே மதிலடிக்குப் போனார். டீச்சர் ஓய்வுபெற்ற முஸ்லிம் பெண்மணி, கணிதம் படிப்பித்தவர். அம்மா தயங்கித் தயங்கிக் கேட்க, அவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"நான் எங்க ஓம் எண்ட? நீங்க குடுக்கப்போறண்டுதானே அக்கா அந்த ஆள் எனக்கிட்ட செல்லின. அந்த ஈரச் சாரன் கதயுமா? எங்கட ஊட்டுலயும் அதேதான்."

மற்ற இரண்டு வீட்டிலும் போய்க் கேட்டோம். நாலு வீட்டுக்கும் அதே பகிடி, அதே பொய். ஒவ்வொரு வீடும் பக்கத்து வீடு சம்மதித்துவிட்டதாக நினைத்துத் தனியாகப் பயந்துகொண்டிருந்தது.

அடுத்த முறை தரகர் போன் எடுத்தபோது, ஞாயிறு வரச் சொன்னார் அம்மா. அவர் கேக்கோடு வந்தார். முன்னறையில் நாலு வீட்டாரும் இருந்ததைக் கண்டு ஒரு கணம் வாசலில் நின்றார். பிறகு சிரித்தபடி உட்கார்ந்து, கோயில் நிர்வாகத்தில் தொடங்கினார். ஒருவரும் சிரிக்கவில்லை. சாரத்துக்கு வந்தார்.

"மனிசன் உடுப்பைத் தூக்கிக்கொண்டு பஸ் ஏற..."

"கண்டக்டர் சாரனுக்கும் டிக்கெட் கேட்ட" என்றார் டீச்சர், விடை சொல்லிக்கொடுக்கும் குரலில்.

அறை வெடித்துச் சிரித்தது. இந்த முறை அவரைப் பார்த்து. அவரும் சிரிக்கப் பார்த்தார், கண்ணில் சிரிப்பு வரவில்லை. "வேற கத ஒண்டும் இல்லையா?" என்று டீச்சர் உண்மையிலேயே அறிய விரும்புகிறவரைப்போலக் கேட்டார். அம்மா தரகர் முன் தேத்தண்ணியை வைத்து, "குடிச்சிட்டுப் போங்கோ. நாங்கள் விக்கிறதெண்டா நாலு பேரும் சேர்ந்துதான் கதைப்பம்" என்றார்.

அவர் பாதியில் கோப்பையை வைத்துவிட்டு எழுந்தார். அதன் பிறகு சில நாள் யார் யாரோ போன் எடுத்தார்கள். டீச்சரின் மருமகன் வழக்கறிஞர். அவர் ஒரு தடவை பேசியதும் அதுவும் நின்றது. கடைசி வீட்டார் மட்டும் பிறகு கனடாவுக்குப் போக வீட்டை விற்றார்கள், தாங்களே ஆள் பார்த்து, மற்ற மூன்று வீட்டுக்கும் சொல்லிவிட்டு.

நாவல் போன வருடம் வெளிவந்தது. வெளியீட்டில் ஓர் இளம்பெண், வில்லனை ஏன் கடைசியில் சாகடிக்கவில்லை என்று கேட்டாள். அவன் பகிடிக்கு ஒருவரும் சிரிக்காத ஓர் அறையில் அவனை விட்டுவிட்டேன், அதற்கு மேல் செய்ய எனக்கு ஒன்றும் தோன்றவில்லை என்றேன். அவள் தலையாட்டிவிட்டு, தன் அலுவலகத்திலும் அப்படியொருவர் இருக்கிறார் என்றாள். பக்கத்தில் இருந்த அவளுடைய அலுவலகத் தோழி திரும்பி, "உன்னட்டயும் அந்தக் கிளிப் பகிடி சொன்னவரோ?" என்று கேட்டாள். இருவரும் மண்டபத்துக்கு வெளியே போய் நெடுநேரம் கதைத்துக்கொண்டு நின்றார்கள்.