திருமலை மொட்டையும் தோட்டக்காரன் வேஷமும்

ஆவணியில் மாங்கூழ் ஆலை நின்றதும் சித்தூரில் என் மாப்பிள்ளை சேகருக்கு வேலை போனது. பெண்டாட்டி, பிள்ளைகளை விட்டுவிட்டுப் பெங்களூருக்குக் கட்டட வேலைக்குக் கிளம்ப இருந்தார். அப்போதுதான் நாராயணவனம் பக்கம் ஒரு பழைய வீட்டில் டிவி சீரியல் படப்பிடிப்பு வந்தது. கல்யாணக் காட்சியில் சேகர் தோட்டக்காரராக நின்றார். “திங்கட்கிழமை உனக்கு வசனம். பேசிட்டா மாசா மாசம் கூப்பிடுவோம்” என்றார் மேனேஜர். வேலை கிடைத்தால் திருமலையில் மொட்டை என்று சேகர் முன்பே வேண்டியிருந்தார்.

“ஷூட்டிங் முடியட்டும் மாமா” என்றார் சேகர்.

“வேண்டுதல பாக்கி வெச்சிக்கினு வசனம் பேசுவீங்களா?” என்று நான்தான் இழுத்துப் போனேன்.

ஞாயிறு காலை ஐந்தரைக்குச் சித்தூரில் பஸ். திருப்பதி எழுபது கிலோமீட்டர், இரண்டு மணி நேரம். வழியில் இருந்த பலகைகளை எல்லாம் தமிழோ தெலுங்கோ விடாமல் எழுத்துக் கூட்டிப் படித்தேன். போன வருஷம்தான் எழுதப் படிக்கக் கற்றேன்; இந்த வயதில் என்ன சந்தோஷம்! மேலே திருமலையில் மொட்டைக்குக் காசு வாங்குவதில்லை. வரிசை மூன்று மணி நேரம்.

திங்கள் காலை புத்தூர் போய், ஷேர் ஆட்டோவில் ஆளுக்கு இருபது ரூபாய் கொடுத்து நாராயணவனம் சேர்ந்தோம். கேமராவுக்கு முன்னால் எட்டுப் பேர் இருந்தார்கள். பின்னால் பந்தல்காரர், தச்சர், ஜெனரேட்டர்காரர், சமையல்காரர், பூக்கட்டுகிறவர் என்று நாற்பது பேருக்கு மேல், பாதிப்பேர் நம் ஊர்க்காரர்கள். ஒரு பொய்க் கல்யாணம் இத்தனை அடுப்பை எரிய வைக்கிறதே என்று வாய் பிளந்து நின்றேன்.

மேனேஜர் சேகரின் தலையைப் பார்த்தார்.

“இன்னாய்யா இது? மாப்பிள்ளை அழைப்புல முடியோட நின்ன. தாலி கட்றதுக்குள்ள மொட்டையா? இது கல்யாண வீடா, கருமாதி வீடா?”

“துண்டு கட்டிக்கிறேன் சார்.”

“அன்னிக்குக் கட்டலையே! விக்கு கேக்காத, ஹீரோவுக்கே ஒண்ணுதான்.”

தோட்டக்காரனுக்கு உடம்பு சரியில்லை, தம்பி வந்திருக்கிறான் என்று கதையில் ஒரு வரி மாற்றினார்கள். பந்தலுக்கு வாழைமரம் இறக்கிக்கொண்டிருந்தவருக்கு அந்தச் சட்டையை மாட்டினார்கள்.

சமையல்காரர் மட்டும், “பாத்திரம் கழுவ ஆள் வேணும், மூணு நாளைக்கு” என்றார். சேகர் வேட்டியை மடித்துக் கட்டினார். அங்கே யாரும் தலையைப் பார்ப்பதில்லை.

“நீங்க கெளம்புங்க மாமா” என்றார், என் பக்கம் முகத்தைத் திருப்பாமல்.

படப்பிடிப்பு வேலைக்கு வருகிறவர்களுக்குச் சொல்கிறேன்: முதல் நாள் முகம் காட்டிவிட்டால், அந்தக் காட்சி முடியும்வரை தலைமுடி, மீசை, தாடி எதுவும் உங்களுடையது இல்லை. கேட்காமல் கத்தி வைக்காதீர்கள். சாமி காத்திருப்பார், கேமரா காத்திருக்காது.

புத்தூரில் என் ஊர் நகரிக்குப் பஸ் ஏறியதும் போனில் மகள் எழுதியிருந்தாள்: “நைனா, அவரு வசனம் பேசிட்டாரா?”

“இல்லை” என்று பதில் எழுத எனக்கு நகரி வரை ஆனது.