பாங்கொக் கற்றாழையும் எங்கள் கடை வாசலும்

முள்ளுச்செடி வியாபாரத்தில் கையில் ஏறின முள்ளை இடுக்கியால் எடுக்கலாம், ஆட்கள் சொல்லிவிட்டுப் போகிற கதையை எடுக்க ஏலாது. பூச்சாடி அடுக்கிப் பிழைக்கிற உங்களுக்கும் இது தெரியும். ஓர்ஸ் ஹில் ஏற்றத்தில் நானும் கிண்ணியாவிலிருந்து வருகிற பௌசியாவும் சேர்ந்து ஒரு சின்னக் கடை வைத்திருக்கிறோம். போன மாரி மழையில் முக்கால்வாசிச் செடி அழுகிப் போனது. பக்கத்தில் முளைக்கிற குட்டியைப் பிரித்து விற்க நல்ல தாய்ச்செடி கொண்டுவருவோம், அதுவும் அழுகினால் மச்சியின் துணிக்கடைக்குப் போய்விடுவேன் என்று பௌசியா சொல்லிவிட்டாள். அவள் இல்லாமல் எனக்குக் கடை ஏது? இரண்டு பேரும் பாங்கொக்குக்குப் பிளேன் ஏறினோம்.

மீன் பார்க்கிற கை

அந்தச் செடிச்சந்தையில் கூழாங்கல் போல ஒரு செடி, வெள்ளைத் தாடி வைத்த கிழவன் போல இன்னொன்று. நாங்கள் தேடினது மஞ்சள் வரி ஓடின கற்றாழை. லேசில் கிடைக்காத சாதி. கடைசியில் ஒரு கடையில் மூன்று இருந்தது.

பௌசியா மீன் வியாபாரக் குடும்பத்துப் பிள்ளை. ஒன்றைத் தூக்கி, கவிழ்த்து, அடியை விரலால் அமத்தி, மூக்குக்குக் கிட்டக் கொண்டுபோய் மணந்தும் பார்த்தாள். கடைக்காரப் பெண் அதைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டுத் தன் கைபேசியிடம் ஏதோ சொன்னாள். கைபேசி எங்களுக்குச் சுத்தத் தமிழில் சொன்னது: "அம்மா, இது இன்று பிடித்தது அல்ல. ஏழு வருடமாக என்னிடம் இருக்கிறது."

கூரையில் முளைக்கிறது

செடியோடு மண் வரக்கூடாது என்பது சட்டம். மூன்றையும் வாங்கி, வேரைக் கழுவி, கடதாசியில் சுற்றி, பத்திரமெல்லாம் சரியாக எடுத்துக்கொண்டு வந்தோம். கொழும்பில் செடி பார்க்கிற அதிகாரி தமிழ் தெரிந்த தம்பி. ஒவ்வொன்றாகப் பிரித்துப் பார்த்தார், குறை ஒன்றும் இல்லை. ஆனால் மனம் கேட்கவில்லை போல.

"அக்கா, எங்கட வீட்டுக் கூரையில இது சும்மா முளைக்குது. இதுக்கோ பிளேன் ஏறினீங்கள்?"

மேசையில் கிடந்தது

கழுவின வேர் காயவேண்டும் என்று மூன்றையும் கடை மேசையில் போட்டுவிட்டுச் சாப்பிடப் போனோம். திரும்பி வந்தால் இரண்டுதான் இருக்கிறது. மற்றது கடை வாசலில், கறுப்புக் கயிற்றில், தேசிக்காயும் செத்தல் மிளகாயும் துணைக்கு நிற்கத் தலைகீழாய்த் தொங்குகிறது. கண்ணூறு கழிக்க என் மனுசன் கட்டிவிட்டிருக்கிறார். பௌசியாவுக்கு அழுகை வராத குறை. கட்டினதை உடனே அவிழ்த்தால் கடைக்கு ஆகாது என்று இவர் ஒற்றைக்காலில் நின்றார். சரி, இரண்டு செடியாவது சாடிக்கு மிஞ்சினதே என்று விட்டோம். இவர் முகத்தில் ஒரு வெட்கமும் இல்லை.

"மண்ணில்லாமல் ஒரு கற்றாழை மேசையில கிடந்தால், வேற என்னத்துக்கு எண்டு நான் நினைக்கிறது?"

தேத்தண்ணி நேரம்

எங்களிடம் கள்ளி வாங்கின ஒரு பள்ளிக்கூட ரீச்சர், செடி கூழாகிவிட்டது என்று சாடியோடு வந்தா. எத்தனை தரம் தண்ணீர் ஊற்றினீர்கள் என்று கேட்டேன். காலையும் பின்னேரமுமாம். மாதத்துக்கு ஒருக்கால் போதும் என்று சொல்லித்தானே தந்தேன் என்றேன். அவ என்னைக் கொலைகாரியைப் பார்க்கிறமாதிரிப் பார்த்தா.

"அது வாய் காய்ஞ்சு நிக்க, நான் எப்பிடி அதுக்கு முன்னால இருந்து தேத்தண்ணி குடிக்கிறது?"

கதிரை

மாரி தொடங்கியது. சாடியில் வைத்த இரண்டையும் நாங்கள் கைக்குழந்தை போலப் பார்த்தோம். பௌசியா பொலித்தீன் போர்த்துவாள், நான் காற்றுக்கு நீக்குவேன். அவள் மண்ணைக் கிளறுவாள், நான் இடம் மாற்றுவேன். இரண்டும் அடியோடு அழுகின.

இனி மச்சியின் துணிக்கடைதான் என்று பௌசியா எழும்பினாள். தன் சாப்பாட்டுப் பெட்டியையும் செருப்பையும் பையில் போட்டாள். வாசலில் நின்று குடையை விரித்தாள். குடைக்கம்பி வாசல் கற்றாழையில் தட்டியது. அண்ணாந்து பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். தாய் கொஞ்சம் வாடியிருந்தாலும், இலைக்கு நடுவில் மூன்று குட்டி, மஞ்சள் வரியோடு, வெளிச்சத்தைப் பார்த்து மேலே வளைந்திருந்தது.

குடையை மடக்கினாள். பையைக் கீழே வைத்தாள். கட்டினதை அவிழ்க்காதே என்று என் மனுசன் ஓடிவந்து வாயைத் திறக்கமுதல் கதிரையை இழுத்துப்போட்டு ஏறிவிட்டாள்.

"கண்ணூறு கொஞ்ச நேரம் வெளியில நிக்கட்டும் அண்ணன். நீங்கள் கதிரையைப் பிடியுங்கோ."

இத்தனை காலம் எங்கள் செடிகளுக்குப் பட்ட கண் எங்கள் இரண்டு பேருடையதும்தான் என்று விளங்கினபிறகு, நாங்கள் செடிகளுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு இருந்துதான் வியாபாரம் செய்கிறோம்.