டேப் சொன்னதை நம்பியவள்

"வயித்த உள்ள இழுக்காதீங்க டீச்சர். நாளைக்கு இந்தச் சட்டையப் போட்டா நாள் முழுக்க இழுத்துட்டே நிப்பீங்களா?"

டேப்பை என் இடுப்பில் சுற்றிப் பிடித்துக்கொண்டு இஞ்ச் அக்கா கேட்பாள். வாயோரத்தில் நான்கு குண்டூசிகள் இருக்கும். அவற்றைக் கடித்தபடியே பேசுவாள், ஒன்றுகூட விழாது. அளவு கொடுக்கும்போது வயிற்றை எக்காத பெண்ணை அவள் பார்த்ததே இல்லையாம். அதற்கு ஒரு தந்திரம் வைத்திருந்தாள். திடீரென்று வீட்டுக் கதையை இழுப்பாள். "மாமியார் போயிட்டாங்களா, இன்னும் இருக்காங்களா?" என்பாள். பதில் சொல்ல வாயைத் திறந்ததும் எக்கிய வயிறு தன் இடத்துக்கு வந்துவிடும். அந்த நொடியில் டேப்பை நகத்தால் பிடித்து, "முப்பத்தெட்டரை!" என்று பக்கத்து வீட்டுக்கே கேட்கும்படி சொல்வாள். நம் மானம் கப்பலேறும்.

எங்கள் தெருவின் கடைசி வீட்டில் முன்னறைதான் அவள் தையற்கடை. இரண்டு இயந்திரங்கள், ஒட்டுப்பலகை மேசை, ஓரம் ரசம் போன கண்ணாடி, மறைவுக்கு ஒரு திரை. லாரி ஓட்டும் கணவர் மாதத்தில் பாதி நாள் வீட்டில் இருக்கமாட்டார். பிள்ளை இல்லை. எல்லாவற்றையும் இஞ்சில் பேசுவதால் அந்தப் பெயர் அவளுக்கு ஒட்டிக்கொண்டது. கணவரின் கோபம் அரை இஞ்ச். பக்கத்து வீட்டுக்காரியின் நாக்கு முழம், அதை மட்டும் இஞ்சில் அடக்க முடியாது. தெருவில் போகிறவர்களையும் விடமாட்டாள். "அந்தம்மாவுக்கு வலது தோள் கால் இஞ்ச் எறக்கம், பாருங்க. பை தூக்கித் தூக்கி எறங்கிப்போச்சு" என்பாள். பார்த்தால் சரியாகத்தான் இருக்கும்.

எந்தத் துணியைத் தைத்தாலும் உள்பக்கம் ஒரு இஞ்ச் மடித்து விடுவாள். வேறு தையற்காரர்கள் அந்தத் துணியை வெட்டிப் போட்டுவிடுவார்கள். "மனுச உடம்புதானே, ஏறும், எறங்கும். பிரிச்சு விட எடம் வேணாமா?" என்பது அவள் கட்சி. என் எல்லாச் சட்டைகளிலும் அந்த இடத்தை எப்போதோ தின்று தீர்த்துவிட்டேன்.

பச்சை டப்பா அவள் கடைக்கு வந்தது ஒரு வாடிக்கையாளரின் கைப்பையில். உள்ளே உடம்பு இளைக்க விழுங்கும் குளிகைகள், மூடியில் ஓர் இலைப்படம். "நூறு சதவீதம் மூலிகை, பக்கவிளைவு இல்லை" என்று எழுதியிருந்தது. தயாரித்தவர் யார், எங்கே என்பதற்கு ஓர் எழுத்தும் இல்லை. போனில் ஒரு வீடியோவைப் பார்த்துவிட்டு அந்த அம்மாள் பார்சலில் வரவழைத்திருந்தாள். அக்கா முதலில் சிரித்தாள். மூன்று வாரம் கழித்து அதே அம்மாள் கவுனைப் பிடித்துத் தைக்க வந்தபோது சிரிக்கவில்லை. டேப்பை இரண்டு முறை சுற்றிப் பார்த்தாள். இரண்டே முக்கால் இஞ்ச் குறைந்திருந்தது.

யார் சொன்னாலும் அக்கா நம்பமாட்டாள். டேப் சொன்னால் நம்புவாள். முப்பது வருடமாக அவளுக்குச் சோறு போட்டது அது. "வாய் பொய் சொல்லும் டீச்சர், கண்ணாடி பொய் சொல்லும். டேப்பு சொல்லாது" என்றாள். அன்றிலிருந்து அளவு நோட்டில் சில பக்கங்களின் மூலையில் சிறு நட்சத்திரம் வரையத் தொடங்கினாள். யார் யாருக்கு டப்பா வரவழைத்துத் தந்தாளோ அவர்களுக்கு அந்த அடையாளம். வந்த விலைக்கே கொடுத்தாள், ஒரு பைசா லாபம் வைக்கவில்லை. நல்லது செய்கிறோம் என்று மனதார நினைத்தாள். அதுதான் எனக்கு ஆறவில்லை. ஏமாற்றுக்காரியாக இருந்திருந்தால் திட்டித் தீர்த்திருக்கலாம்.

பத்தொன்பது நட்சத்திரங்கள். பதினான்காவது நான்.

நட்சத்திரம் போடாத இன்னொருத்தியும் உண்டு, அக்காவின் தங்கை. அக்காவுக்குப் பன்னிரண்டு வயது இளையவள், அம்மா போன பிறகு இவள் இடுப்பில் வளர்ந்தவள். சின்னது என்றுதான் கூப்பிடுவாள். சின்னதுக்கு ஓர் ஓட்டலின் பின்கட்டு அலுவலகத்தில் வேலை. முன்மேசைக்கு வரச் சொன்னார்கள். வருகிறவர்களைச் சிரித்து வரவேற்கும் இடம், நல்ல சம்பளம். கூடவே ஒரு கோட்டையும் கொடுத்தார்கள். அந்தக் கோட்டில் நடுப்பொத்தான் எட்டவில்லை. அக்கா உள்பக்கம் திருப்பிப் பார்த்தாள். ஆயத்த உடை, பிரித்துவிட ஒரு நூல் அகலம்கூட விட்டிருக்கவில்லை.

"பாவிங்க. துணியில கஞ்சத்தனம் பண்ணியிருக்கானுங்க. சரி, கோட்டு ஏறலன்னா என்ன, நீ எறங்கு" என்று தங்கை கையில் டப்பாவைக் கொடுத்தாள்.

சின்னது இறங்கினாள். ஆறு வாரத்தில் இடுப்பு முப்பத்துநான்கிலிருந்து முப்பத்தொன்று. பொத்தான் எட்டியது. முன்மேசையில் நிற்கும் படத்தை அக்கா போனில் எடுத்து வைத்துக்கொண்டு, வந்தவர்களுக்கெல்லாம் காட்டினாள். எனக்கே நான்கு முறை காட்டினாள். அந்த மகிழ்ச்சியில் உள்பக்கம் ஒரு இஞ்ச் விடும் பழக்கத்தையும் நிறுத்திவிட்டாள். "இனிமே எதுக்கு? யாரும் ஏறப்போறதில்ல" என்று கத்தரியால் நறுக்கித் தள்ளினாள்.

ஒன்பதாம் வாரம் சின்னதின் இடுப்பு முப்பத்துமூன்று காட்டியது. பத்தாம் வாரம் முப்பத்தைந்து. கை மெலிந்துகொண்டே போனது, தொடையும் தோளும் அதேபோல. அக்கா நோட்டைப் புரட்டிப் பார்த்து ஒரு முடிவுக்கு வந்தாள். "எல்லாம் சொன்ன பேச்சு கேக்குது. வயிறு மட்டும் அடம் பிடிக்குது" என்றாள். காலையில் ஒன்று என்றிருந்ததை இரண்டாக்கினாள். அப்போது கடையில் நானும் இருந்தேன். கணக்கு டீச்சர் நான். ஓர் உடம்பில் எல்லா அளவும் குறைந்து ஒன்று மட்டும் ஏறினால் ஏன் என்று கேட்க எனக்கும் தோன்றவில்லை.

சின்னதுக்குச் சோறு இறங்கவில்லை. உடம்பெல்லாம் அரிக்கிறது என்றாள். சிறுநீர் கடுங்காப்பி நிறத்தில் போகிறது என்றாள். டப்பாவுக்குள் ஒரு துண்டுச்சீட்டு இருந்தது. சோர்வு, அரிப்பு, நிறமாற்றம் எல்லாம் உடம்பிலுள்ள கழிவு வெளியேறுவதன் அடையாளம், பயப்பட வேண்டாம், நிறுத்த வேண்டாம் என்று அதில் அச்சிட்டிருந்தது. அக்கா அதை உரக்கப் படித்துக் காட்டினாள். "பாத்தியா? அழுக்கு வெளிய போகுது" என்றாள். எழுதியவன் கைக்கு என்ன தண்டனை கொடுத்தாலும் தகும்.

சின்னதின் கண் மஞ்சளாக இருப்பதை முதலில் சொன்னது ஓட்டலுக்கு அறை கேட்டு வந்த யாரோ ஒரு வழிப்போக்கர்.

மருத்துவமனையில் டாக்டர் கேட்ட முதல் கேள்வி, வேறு ஏதாவது மருந்து சாப்பிடுகிறாளா என்பது. "ஒண்ணுமில்ல சார்" என்றாள் அக்கா. பொய் சொல்லவில்லை. அவள் புத்தியில் மருந்து என்றால் மருந்துக்கடையில் வாங்குவது. இது இலை. வயிறு இப்படி வீங்கிக் கிடக்கும்போது விட்டுவிடக்கூடாது என்று ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் இரண்டு நாள் காலை வேளையில் கொடுத்திருக்கிறாள். மூன்றாம் நாள் தலையணை உறையை மாற்ற வந்த நர்ஸ் கையில் டப்பா கிடைத்தது.

அன்று நானும் அங்கே போயிருந்தேன். டாக்டர் கத்தவில்லை. களைத்த குரலில் பேசினார். "இலையா மாத்திரையான்னு ஈரல் பாக்காதும்மா. உள்ள போற எல்லாத்தையும் அதுதான் வடிகட்டணும். இதுல இலையையும் தாங்க முடியாத அளவுக்குச் சுண்ட வச்சிருக்காங்க, வெளிய எழுதாத ஏதோ ஒண்ணையும் சேத்திருக்காங்க போல. பரிசோதனைக்கு அனுப்பியிருக்கேன்."

"வயிறு ஏன் சார் ஏறிச்சு?" என்று அக்கா கேட்டாள்.

"அது கொழுப்பு இல்ல. தண்ணி. ஈரல் கெட்டா வயித்துல தண்ணி கோக்கும்."

அன்று மாலை ஊசி வைத்து ஐந்து லிட்டர் எடுத்தார்கள். அக்கா கட்டிலருகே நின்று அந்தப் பை நிறைவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு நடைபாதை பெஞ்சில் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "ரெண்டரை மாசமா அவ இடுப்பத்தான் பாத்தேன் டீச்சர். மூஞ்சியப் பாக்கல" என்றாள். எனக்கு அவள் கையைப் பிடிக்கத் தோன்றியது, பிடிக்கவில்லை. அவள் மேல் கோபமும் இருந்தது, பயமும் இருந்தது.

வேறு ஈரல் வைக்கலாம் என்றார்கள். அக்கா தன்னுடையதில் பாதியை வெட்டிக்கொள்ளச் சொன்னாள். அதற்கான சோதனைகள் நடக்கும்போதே, பதினோராம் நாள் சின்னது போய்விட்டாள். முப்பத்தொரு வயது.

சாவு வீட்டில் அக்கா அழவில்லை. கூட்டம் கலைந்த மறுநாளே அளவு நோட்டை எடுத்துக்கொண்டு கிளம்பிவிட்டாள். நட்சத்திரம் போட்ட ஒவ்வொரு வீட்டுக்கும் நடந்தாள். முதலில் கொண்டுவந்த அம்மாள், "எல்லாருக்கும் ஒரே மாதிரியா ஆகும்? உங்க தங்கச்சி உடம்பு வாகு அப்படி" என்று கதவைச் சாத்திவிட்டாள். இன்னொருத்தி டப்பாவைத் தன் மருமகளுக்குக் கொடுத்துவிட்டதாகச் சொன்னாள். அக்கா பஸ் பிடித்து அந்த மருமகள் வீட்டுக்கும் போனாள். கல்லூரிப் பெண் ஒருத்தி, "இன்னும் ரெண்டே இஞ்ச்தான் ஆன்ட்டி, அப்புறம் நிறுத்திடுறேன்" என்றாளாம். அவள் வீட்டு வாசலில் அக்கா மத்தியானம் வரை உட்கார்ந்திருந்து வாங்கிக்கொண்டு வந்தாள். சிலர் காசைத் திரும்பக் கேட்டார்கள், கொடுத்தாள். சிலர் ஏசினார்கள், கேட்டுக்கொண்டாள்.

வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன். நான் நிறுத்தவில்லை. ஏழு வாரத்தில் நான்கு இஞ்ச் குறைந்திருந்தது. பள்ளிக்கூடத்தில் எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். இருபது வருடத்தில் முதன்முறையாகப் படியேறும்போது மூச்சு வாங்கவில்லை. சின்னதின் சாவுக்குப் போய்விட்டு வந்து, தலைக்குக் குளித்து, அழுது, மறுநாள் காலையில் வெந்நீரோடு ஒன்றை விழுங்கினேன். எனக்கு அரிப்பு இல்லை, வீக்கம் இல்லை. அவள் இரண்டு சாப்பிட்டாள், நான் ஒன்றுதானே என்று மனம் கணக்குப் போட்டது.

நேற்று அக்கா என் வீட்டுக்கு வந்தாள். நான் பள்ளிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தேன். செருப்பைக் கழற்றாமல் நிலைப்படியருகிலேயே நின்றாள். கன்னம் ஒட்டிப்போயிருந்தது.

"டீச்சர், அந்த டப்பா."

"அத அன்னிக்கே தூக்கிப் போட்டுட்டேன் அக்கா" என்றேன். வகுப்பில் பொய் சொல்லும் பிள்ளைகளை எழுப்பி நிற்க வைப்பவள் நான். நாக்கு கொஞ்சமும் தடுமாறவில்லை.

அக்கா என் மணிக்கட்டைப் பிடித்து வாசலுக்கு இழுத்தாள், வெயில் நேராக முகத்தில் விழுமிடத்துக்கு. தாடையைப் பிடித்து நிமிர்த்தினாள். ஊசி குத்திக் காய்த்த கட்டைவிரலால் என் இமையைக் கீழே இழுத்து, உள்ளே மஞ்சள் தெரிகிறதா என்று உற்றுப் பார்த்தாள். பிறகு மற்ற கண்ணையும் இழுத்தாள்.