போணிக்குப் பிறகு அணைக்காத இன்ஜின்

அன்புள்ள உறவினர்களுக்கும் பஜார் ரோட்டு நண்பர்களுக்கும் வணக்கம்.

அக்கா எங்களை விட்டுப் போய் இன்றோடு ஓராண்டு ஆகிறது. படையல் முடிந்து நீங்கள் கை கழுவிவிட்டு வரும்போது இந்த நினைவு மலர் உங்கள் கைக்கு வரும். எங்கள் வீட்டில் முதலில் பள்ளிக்கூடம் போய்ப் படித்து முடித்தவள் நான். அதனால் எழுதும் பொறுப்பு என்னிடம் வந்தது. பள்ளியில் படித்தது மலையாளம். தமிழ் பிறகு கற்றது. எழுத்தில் பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். எழுதியிருக்கும் விஷயத்தில் பிழை இல்லை.

அக்கா பிறந்தது கொச்சி மட்டாஞ்சேரியில், இப்போது நாங்கள் இருக்கும் இதே வீட்டில். தாத்தா நகரசபைத் துப்புரவு வேலைக்காக இங்கு வந்தவர். அப்பாவுக்கும் அதே வேலை. அப்பா இறந்தபோது அக்காவுக்குப் பதின்மூன்று வயது, எனக்கு நான்கு. அடுத்த மாதமே, அம்மாவுக்குத் துணையாக, அக்கா தோப்பும்படி மீன்பிடி ஹார்பரில் இறால் உரிக்கப் போனார். நாள் முழுக்க ஐஸ் தண்ணீரில் கை கிடந்து, விரல் நுனியெல்லாம் வெளுத்து வெடித்திருக்கும். அந்தக் கையால்தான் காலையில் எனக்குத் தலை பின்னிப் பள்ளிக்கூட வாசலில் விட்டுவிட்டுப் போவார். ஒருநாள் டீச்சர் அவரைப் பார்த்து, "நீயும் கேறி இரிக்கு மோளே" என்று பெஞ்சைக் காட்டினார். அக்கா சிரித்துவிட்டு, "ரெண்டு பேரும் உட்கார்ந்துட்டா சோறு யாரு வைப்பா டீச்சரே" என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். டீச்சருக்குத் தமிழ் புரிந்ததா என்று தெரியாது. அதற்குப் பிறகு அவர் அக்காவை அழைக்கவில்லை.

திருமணத்துக்குப் பிறகு அக்காவும் அத்தானும் கரும்பு ஜூஸ் வண்டி போட்டார்கள். முதலில் கையால் சுற்றும் இயந்திரம். அக்காவின் வலது தோள் இறங்கிப்போனதும் எறணாகுளம் பிராட்வேக்குப் போய், கயிறு இழுத்து ஓட்டும் சிறிய பெட்ரோல் இன்ஜின் ஒன்று வாங்கி வந்தார்கள். பஜார் ரோட்டில் அக்காவைத் தெரியாத, மூட்டை தூக்கும் சுமட்டுக்காரர் இல்லை. அக்கா கோபக்காரர். ஆனால் ஐஸைப் போட்டு டம்ளரை நிரப்புகிற வேலை அவரிடம் கிடையாது. "சேச்சி, ஐஸ் கூடுதல் இட்டோ" என்று கேட்டால், "ஐஸ் வேணும்னா ஹார்பருக்குப் போங்க, இங்க கரும்புதான் கிடைக்கும்" என்பார். காய்ச்சலோடு வருபவருக்கு ஜூஸே தரமாட்டார். பக்கத்துச் சாயாக்கடைக்கு அனுப்பிவிடுவார்.

இன்ஜின் வந்த அன்று அதனோடு ஆங்கிலத்தில் ஒரு சிறு புத்தகமும் வந்தது. நான் அப்போது பத்தாம் வகுப்பு. அகராதியை மடியில் வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொன்னேன். அக்காவும் அத்தானும் பரீட்சைக்குப் படிப்பதுபோல் கேட்டார்கள். கேட்டதைச் செய்யவும் செய்தார்கள். தினமும் காலையில் ஆயில் பார்ப்பார்கள். சமமான தரையில்தான் வண்டியை நிறுத்துவார்கள். சுற்றும் பெல்ட்டுக்குத் தோப்பும்படி ஒர்க்‌ஷாப்பில் தகர மூடி செய்து போட்டார்கள். அக்கா முந்தானையை இழுத்துச் செருகி, கொண்டையைத் துணியால் கட்டிக்கொண்ட பிறகுதான் கயிற்றைத் தொடுவார். எவ்வளவு மழை அடித்தாலும் மூடிய கிடங்குக்குள் இன்ஜினை ஓட்டியதில்லை, அதன் புகை ஆளைக் கொல்லும் என்று நான் வாசித்ததால்.

ஒரு வரியை மட்டும் அக்கா ஏற்கவில்லை.

"பெட்ரோல் ஊத்தறதுக்கு முன்னால இன்ஜினை நிறுத்தணும், ஆற விடணும்னு போட்டிருக்கு" என்றேன்.

"நிறுத்தணுமா? போணி ஆனதுக்கு அப்புறமா?"

"ஆமா. சூட்டோட ஊத்தினா தீ பிடிக்குமாம்."

"இதை எழுதினவன் கரும்பு ஜூஸ் வித்திருக்க மாட்டான் பாப்பா. அடுத்த வரியை வாசி."

நான் அடுத்த வரியை வாசித்தேன்.

நம் உறவில் வண்டி வைத்திருக்கும் நான்கு வீட்டாருக்கும் அக்கா சொன்னது புரியும். முதல் டம்ளர் விற்றுப் போணி ஆகிவிட்டால், கடைசிக் கரும்பு தீரும்வரை இன்ஜின் நிற்கக் கூடாது. நடுவில் நின்றால் அன்றைய வியாபாரமும் நின்றுவிடும் என்பது நம் ஆட்களின் நம்பிக்கை. சத்தம் கேட்டுத்தான் ஆள் வரும் என்பதும், சூடான இன்ஜினை நிறுத்தினால் மறுபடி எடுக்கப் பத்துத் தடவை கயிறு இழுக்க வேண்டும் என்பதும் அதற்குள் இருக்கும் நியாயங்கள். தோள் போன அக்காவுக்கு அந்தப் பத்துத் தடவை பெரிய விஷயம். ஆகவே இன்ஜினை மெதுவாக ஓடவிட்டு, தண்ணீர் பாட்டிலில் வைத்திருக்கும் பெட்ரோலைப் புனல் வைத்து ஊற்றுவார். பதினொரு ஆண்டுகள் அப்படி ஊற்றினார். நான் படித்து வேலைக்குப் போன பிறகும் பலமுறை பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். புனலை நானே பிடித்ததும் உண்டு.

அன்று நல்ல வெயில். வண்டியைச் சுற்றி ஏழெட்டுப் பேர் நின்றிருந்தார்கள். அத்தான் கரும்பை உள்ளே தள்ளிக்கொண்டிருந்தார். டேங்க் காலியாகும் சத்தம் கேட்டு அக்கா பாட்டிலை எடுத்தார். இன்ஜின் அதிர்ந்ததில் புனல் சரிந்தது. பெட்ரோல் சைலன்சர் மேல் விழுந்தது. ஒரு நொடியில் தீ பாட்டிலின் வாய்க்கு ஏறியது. அக்கா பாட்டிலைக் கீழே போட்டார். அது அவர் காலடியிலேயே விழுந்து சிந்தியது. கட்டியிருந்தது பாலியஸ்டர் சேலை.

இனி எழுதுவதை அத்தானின் சம்மதத்தோடு எழுதுகிறேன். அத்தான் டம்ளர் கழுவும் வாளியை எடுத்துத் தண்ணீரை வீசினார். யாராக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பார்கள். ஆனால் பெட்ரோல் தண்ணீரின் மேல் மிதக்கும். எரிந்துகொண்டிருந்த பெட்ரோல் தண்ணீரோடு பரவி அக்காவின் மறுபுறத்தையும் பிடித்தது. சாயாக்கடைச் சேட்டன் ஓடிவந்து, ஐஸ்கட்டி மேல் கிடந்த ஈரச் சாக்கை உருவி, அக்காவைச் சுற்றிப் பொத்திப் படுக்கவைத்த பிறகுதான் தீ அடங்கியது.

அக்கா எறணாகுளம் ஆஸ்பத்திரியில் ஒன்பது நாட்கள் இருந்தார். முதல் மூன்று நாட்கள் பேசினார். முதல் நாள் அவர் கேட்டது, "அங்க நின்னவங்க யாருக்காவது பட்டுச்சா?" இரண்டாம் நாள் உறவினர் சிலர் வெளியே நின்று, தண்ணீர் ஊற்றி மனைவியைக் கொன்றான் என்று பேசியது எப்படியோ அவர் காதுக்குப் போய்விட்டது. என்னை அருகில் கூப்பிட்டார். "உங்க அத்தானை யாரும் ஒண்ணும் சொல்லக் கூடாது. அவருக்கு என்ன தெரியும்? எனக்குத் தெரிஞ்சே நான் கேக்கலியே." அதற்குப் பிறகு நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். "நீ சொன்னே. நான்தான் அடுத்த வரிக்குப் போகச் சொன்னேன்" என்றார்.

அது முழு உண்மை அல்ல. ஒருமுறைதான் சொன்னேன். பதினைந்து வயதில் ஒருமுறை சொன்னதை இருபத்தைந்து வயதிலும் சொல்லியிருக்கலாம். தண்ணீர் ஊற்றக் கூடாது, மணலோ ஈரச் சாக்கோ போட வேண்டும் என்பது எனக்குப் பள்ளியிலேயே தெரியும். வீட்டில் அதைச் சொன்னதே இல்லை. அத்தானை யாராவது குறை சொல்வதென்றால் முதலில் என்னைச் சொல்லிவிட்டு வாருங்கள்.

ஒன்பதாம் நாள் விடியும்போது அக்காவின் மூச்சு நின்றது. அவருக்கு முப்பத்தைந்து வயது.

வண்டி ஏழு மாதம் தார்ப்பாய்க்குள் கிடந்தது. அம்மா அதைப் பழைய இரும்புக்குப் போடச் சொன்னார். அத்தானுக்கு வேறு தொழில் தெரியாது. வேறு இன்ஜின் பூட்டுவதற்கு இடக்கொச்சி மாமா வந்தார். அவரும் அத்தையும் பன்னிரண்டு ஆண்டுகளாக வண்டி வைத்திருப்பவர்கள். பூட்டி முடித்ததும் நான் பெட்ரோல் பேச்சை எடுத்தேன்.

"பன்னெண்டு வருஷமா ஓட்டறேன். எனக்கு என்ன ஆச்சு சொல்லு?" என்றார் மாமா.

"அக்காவுக்கும் பதினொரு வருஷம் ஒண்ணும் ஆகல மாமா."

"அது விதி. இன்ஜின் என்ன செய்யும்? நாலெழுத்து படிச்சுட்டா எமனுக்கே கணக்கு சொல்லுவே போல."

அம்மா அதுவரை சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். "நீ சும்மா இரு தம்பி" என்றார் மாமாவிடம். பிறகு அத்தானைப் பார்த்தார். "மருமகனே, போணி போனா போட்டும். ஓடுற இன்ஜின்ல ஊத்தறதா இருந்தா இந்த வண்டி என் வாசலைத் தாண்டக் கூடாது."

முதல் நாள் நான் லீவு போட்டுவிட்டு அருகில் நின்றேன். பதினொரு மணிக்குப் பெட்ரோல் குறைந்தது. அத்தான் சுவிட்சை அணைத்தார். ஆறு பேர் காத்திருந்தார்கள்.

"எந்தா சேட்டா, தீர்ந்நோ?"

"தீர்ந்நில்லா. தணுக்கட்டே. பத்து மினிட்டு." இன்ஜின் ஆறட்டும் என்று கை காட்டினார் அத்தான்.

மூன்று பேர் போய்விட்டார்கள். இரண்டு பேர் சாயாக்கடைக்குள் போனார்கள். ஒருவர் மட்டும் கைக்கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். அத்தான் இன்ஜினிடமிருந்து தள்ளிப்போய் நடைபாதையில் உட்கார்ந்து, முகத்தை முழங்காலில் வைத்துக்கொண்டார். பத்து நிமிடம் கழித்து, பெட்ரோலுக்கென்றே செய்த மூடி போட்ட கேனிலிருந்து ஊற்றினார். விளிம்புவரை நிரப்பவில்லை. சிந்திய இரண்டு துளியைத் துடைத்து, அது காயும்வரை நின்று, கேனைத் தூரமாக வைத்துவிட்டு வந்து கயிற்றை இழுத்தார். எட்டாவது இழுப்பில் எடுத்தது. அன்று பாதிக் கரும்பு மிஞ்சியது. மறுநாளும் அணைத்தார். இன்றுவரை அணைக்கிறார். தோப்பும்படியிலும் பிராட்வேயிலும் வண்டி வைத்திருக்கும் இரண்டு வீட்டாரும் இப்போது அணைத்துவிட்டுத்தான் ஊற்றுகிறார்கள்.

நன்றி சொல்ல வேண்டியவர்கள் பலர். சாக்கோடு ஓடிவந்து இரு கையிலும் தழும்பு வாங்கிக்கொண்ட சாயாக்கடைச் சேட்டனுக்கு எங்கள் குடும்பம் என்றும் கடன்பட்டிருக்கிறது. ஆஸ்பத்திரிக்குப் போகும் வழியில் பாலத்து நெரிசலைப் பிளந்துகொண்டு ஓட்டிய ஆட்டோக்காரர், ஒன்பது நாளும் கட்டு மாற்றிய நர்ஸ் சேச்சிமார், ரத்தம் தந்த சுமட்டுத் தொழிலாளர்கள், பதினாறாம் நாள்வரை எங்கள் வீட்டில் அடுப்பு மூட்டவிடாமல் சோறு கொண்டுவந்த தெருவார், எல்லோருக்கும் கைகூப்பி நன்றி.

இந்த மலரில் தீ, பெட்ரோல் என்றெல்லாம் எழுத வேண்டாம், அகால மரணம் என்று போட்டால் போதும் என்று இடக்கொச்சி மாமா சொல்லியனுப்பியிருந்தார். கல்யாணம் ஆக வேண்டிய பெண் என்று என்மேல் உள்ள அக்கறையால் சொன்னார். மாமா, மன்னிக்க வேண்டும். போன வாரம் உங்கள் வண்டிப் பக்கம் வந்தேன். நீங்கள் கரும்பு தள்ளிக்கொண்டிருந்ததால் என்னைப் பார்க்கவில்லை. உங்களுக்கு ஒன்றும் ஆகாது என்று நீங்கள் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஓடுகிற இன்ஜினுக்கு மேல் பாட்டிலோடு குனிந்து நின்றது நீங்கள் அல்ல, அத்தை.

மாமாவுக்கு வாசிக்கத் தெரியாது. அவருக்கு இதை வாசித்துக் காட்டப்போகிறவர், தயவுசெய்து அத்தையையும் பக்கத்தில் உட்காரவைத்து வாசியுங்கள்.

இப்படிக்கு,
தங்கை