ஆயுத பூசைக்குக் கழற்றிய மூன்று டிஸ்க்குகள்

பத்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. தட்டச்சு மட்டும் தமிழிலும் இங்கிலீஷிலும் ஹையர் பாஸ் செய்திருந்தேன். அந்த விரல்களை நம்பித்தான் தொண்ணூறுகளின் கடைசியில் சிங்காநல்லூர் வீட்டின் முன்னறையில் ஒரு கம்ப்யூட்டரைப் போட்டு, கல்யாணப் பத்திரிகை, காதுகுத்துப் பத்திரிகை எல்லாம் அடித்துக் கொடுத்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்காரர் மில்லில் மெயின்டனன்ஸ் ஃபிட்டர். முருகன் எங்களுக்கு எந்தக் குறையும் வைக்கவில்லை.

கிணத்துக்கடவுப் பக்கம் நான் பிறந்த ஊர்க் கோயிலுக்கு அந்த வருஷம் கும்பாபிஷேகம் வந்தது. விழா மலர் போடுவதென்று கமிட்டியில் முடிவு செய்து, அச்சுக்குப் போகும் வரையுள்ள வேலை முழுவதையும் என்னிடம் கொடுத்துவிட்டார்கள். அதுவரை நான் செய்ததெல்லாம் நாலு பக்க வேலை. இது நூறு பக்கத்துக்கு மேல். ஊரில் ஒவ்வொரு வீட்டிலிருந்தும் பழைய படங்கள் வந்தன. தேர் இழுக்கிற படம், பந்தலில் பந்தி நடக்கிற படம், மீசை முறுக்கிய தாத்தாக்கள். ஒவ்வொன்றையும் ஸ்கேன் செய்து, படத்தை அன்றே திருப்பிக் கொடுத்துவிடுவேன். அடுத்தவர் வீட்டுப் பொருளை வைத்துக்கொண்டு என்னால் தூங்க முடியாது.

ஆனால் ஸ்கேன் செய்த படங்களை எங்கே வைப்பது? என் கம்ப்யூட்டர் ஒரே வாரத்தில் நிறைந்துவிட்டது. உக்கடத்தில் பழைய கம்ப்யூட்டர் சாமான் விற்கும் பாய் ஒருவரிடம்தான் நான் எப்போதும் வாங்குவேன். அவர் யாருக்கும் வேண்டாத ஒரு பழைய கம்ப்யூட்டர்ப் பெட்டியையும் மூன்று ஹார்டு டிஸ்க்குகளையும் கொண்டுவந்தார். ஒன்று சின்னது, ஒன்று நடுவாந்தரம், ஒன்று பெரியது.

"மூணையும் கோத்து ஒரே டிஸ்க்கா ஆக்கிரலாம் அக்கா. முதல்ல சின்னது நிறையும், அடுத்தது நடுவுல இருக்கறது, கடைசியா பெருசு. உங்களுக்கு ஒரே பெரிய அலமாரியாத் தெரியும்" என்றார்.

விண்டோஸுக்குப் பதிலாகப் பெட்டியை ஓட்ட லினக்ஸ் என்று ஒன்று இருப்பதே அன்றைக்குத்தான் எனக்குத் தெரியும். அந்த லினக்ஸ் தனியாக நாலாவதாக ஒரு குட்டி டிஸ்க்கில் இருந்தது. எந்த ஒயரில் மாட்டிய டிஸ்க் முதலாவது, எது இரண்டாவது, எது மூன்றாவது என்று அதற்குள் ஒரு பட்டியல் எழுத வேண்டும். பாய் சொல்லச் சொல்ல நானே ஒவ்வொரு எழுத்தாக அடித்தேன். அடித்து முடித்ததும் மூன்றும் சேர்ந்து ஒன்றாகத் திரையில் வந்தது. புது வீட்டுக்குப் பால் காய்ச்சின மாதிரி அன்றைக்கு ஒரு சந்தோஷம்.

போகும்போது பாய் ஒன்று சொன்னார்: "இதுல ஒண்ணு போனாலும் மூணும் போன மாதிரிதான் அக்கா. இன்னொரு இடத்துல நகல் வெச்சுக்கோங்க." சரி சரி என்று தலையாட்டினேன். வைக்கவில்லை. அது என் தப்பு.

புரட்டாசியில் கோயில் நாதஸ்வரக்காரர் வந்தார். போன கும்பாபிஷேகத்தில் அவருடைய அப்பா வாசிக்கிற படம் ஒன்றைக் கொடுத்திருந்தார். ஸ்கேன் செய்து திருப்பிக் கொடுத்து ஒரு மாதம் ஆகியிருந்தது. மழையில் ஓடு ஒழுகி, சட்டத்துக் கண்ணாடியோடு படம் ஒட்டிக்கொண்டதாம். பிரிக்கப் போனதில் முகமே கண்ணாடியோடு வந்துவிட்டதாம்.

"எங்கப்பனுக்கு அது ஒண்ணுதானுங்க படம். உங்க மிசின்ல இருக்குதுங்கல்ல?"

"பத்திரமா இருக்குதுங்கண்ணா" என்றேன். யோசிக்காமலே வாயில் வந்துவிட்டது.

ஆயுத பூசையன்று நான் அடுப்படியில் சுண்டல் தாளித்துக்கொண்டிருந்தேன். முன்னறையிலிருந்து வீட்டுக்காரர் கூப்பிட்டார். போய்ப் பார்த்தால், பழைய பெட்டி புதுப் பாத்திரம் மாதிரி மின்னியது. மூடி திறந்திருந்தது. உள்ளே மூன்று டிஸ்க்குகளுக்கும் சந்தனம், குங்குமம். பெட்டியின் நெற்றியில் தனியாக ஒரு பெரிய பொட்டு.

"ஏனுங்க, உள்ளே இருக்கறதையெல்லாம் கழட்டினீங்களா?"

"கழட்டாம எப்படி அம்மணி? மில்லுல ஒவ்வொரு மிசினையும் பாகம் பாகமாக் கழட்டித் தொடைச்சாத்தான் பூசை. இத்தனை பேரு படத்தைச் சுமக்கறா இவ, இவளுக்கு மேலாலே துணியால தட்டிப்போட்டாப் போதுமா? நாலாவதா ஒரு குட்டி இருந்துது, அதுக்குத் திருகு மழுங்கிப் போச்சு. அதை மட்டும் கழட்டலே."

அவர் முகத்தில் இருந்த பெருமையைப் பார்த்தபோது எனக்கு வேறெதுவும் கேட்கத் தோன்றவில்லை. பூசையில் வைத்த பொருளை மறுநாள் காலையில் சூடம் காட்டிய பிறகுதான் எங்கள் வீட்டில் எடுப்போம். அதனால் அன்றைக்கு நான் அதைப் போட்டுப் பார்க்கவில்லை.

விஜயதசமி காலையில் சூடம் காட்டி, கும்பிட்டு, பெட்டியைப் போட்டேன். அலமாரி திறக்கவில்லை. உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியவில்லை என்று இங்கிலீஷில் ஏதேதோ ஓடியது. கடைசியில் சரி செய்யட்டுமா என்று கேட்டு, 'ஒய்' அல்லது 'என்' அடிக்கச் சொல்லிக் காத்து நின்றது. என் விரல் 'ஒய்' மேல் இருந்தது. எது தடுத்ததோ, எழுந்து பக்கத்து வீட்டுக்குப் போய்ப் பாய்க்கு போன் செய்தேன்.

"பாய், படமெல்லாம் காணோமுங்க."

"நேத்து என்ன செஞ்சீங்க அக்கா?"

"ஆயுத பூசைங்க. ஊட்டுக்காரர் கழட்டித் தொடைச்சு மாட்டிப்போட்டாருங்க. சந்தனமும் வெச்சாரு."

"எது மேல?"

"டிஸ்க்குக மேலீங்க."

"டிஸ்க் மேல ஊசி முனையாட்ட ஒரு ஓட்டை இருக்கும். அடைக்காதேன்னு பக்கத்துலயே எழுதியிருக்கும். அந்த ஓட்டை மேலயா வெச்சாரு?"

"அவரு இங்கிலீசெல்லாம் படிக்க மாட்டாருங்க பாய். பொட்டு வெக்க இடம் விட்டிருக்காங்கன்னு நெனைச்சிருப்பாரு."

அவர் சிரித்துவிட்டார். அந்தச் சிரிப்பில்தான் எனக்கு உயிர் வந்தது. "முதல்ல ஆஃப் பண்ணுங்க. காய்ஞ்ச துணியால தொடைங்க, தண்ணி படக் கூடாது. அதனாலயெல்லாம் படம் போகாது. ஆனா அது என்ன கேட்டாலும் 'ஒய்' மட்டும் அடிச்சுப்போடாதீங்க. அடிச்சீங்கன்னா இருக்கறதையும் கலைச்சுரும். நான் பாலக்காட்டுக்குப் பொறப்பட்டு நிக்கறேன், நாளான்னிக்கு வாரேன்."

அச்சகத்துக்கு மறுநாள் மதியம் பக்கங்கள் போயாக வேண்டும். ஆனால் எனக்கு மலரைப் பற்றிய நினைப்பே வரவில்லை. மற்ற வீட்டுப் படங்களை வாசல் வாசலாகப் போய் இன்னொரு தரம் கேட்டு வாங்கிவிடலாம். நாதஸ்வரக்காரரிடம் போய் எதைக் கேட்பது?

விஷயத்தைச் சொன்னதும் வீட்டுக்காரர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "என்ற கையாலயே அந்த மனுசனோட அப்பனை அழிச்சுப்போட்டனா? முருகா, பழனிக்கு நடந்தே வாரேன்."

"நடக்கறது அப்புறம் இருக்கட்டுங்க. மாட்டறப்ப எப்படி மாட்டினீங்க? இருந்த மாதிரியேவா?"

"இருந்ததைக் காட்டிலும் ஒழுங்கா மாட்டினேன். உன்ற பாய்க்கு மிசின் வேலை பத்தாது. கனமானதைக் கொண்டுபோய் மேலே வெச்சிருந்தாரு. கனம் கீழே நின்னாத்தான் அதிராது. அதனால பெருசைக் கீழேயும் சின்னதை மேலேயும் மாட்டிப்போட்டேன்."

"ஒயரு?"

"எந்தத் தட்டுக்கு எந்த ஒயரோ, அதுதான்."

நான் அடித்த பட்டியலில் சின்னது முதலாவது, பெரியது மூன்றாவது. ஒயர் மாறாமல் டிஸ்க் மட்டும் இடம் மாறியிருந்தால், பெட்டி பெரியதை முதலாவது என்று நினைத்துப் படித்திருக்கும். மூன்றாம் பாகத்தை முதலில் எடுத்து வைத்துக்கொண்டு, இது என்ன புத்தகமென்றே தெரியவில்லை என்று சொல்லியிருக்கிறது. அவ்வளவுதான். படம் எதுவும் அழியவில்லை. அழித்திருக்கக் கூடியது 'ஒய்' மேல் இருந்த என் விரல்தான்.

"எந்திரிங்க. பழையபடி மாட்டுங்க" என்றேன்.

காய்ந்த துணியால் சந்தனத்தை நானே துடைத்தேன். சாமிக்கு வைத்ததைத் துடைக்கிறோமே என்று ஒரு கூச்சம். அதையும் முருகனிடமே சொல்லிவிட்டுத் துடைத்தேன். பெரியதை மேலேயும் சின்னதைக் கீழேயும் அவர் மாட்டினார். ஒரு திருகு இரண்டு தரம் கீழே விழுந்தது.

பெட்டியைப் போட்டேன். எழுத்துகள் ஓடின. இந்தத் தடவை அது எதையும் கேட்கவில்லை. அலமாரி திறந்தது.

முதலில் நாதஸ்வரக்காரரின் படத்தைத்தான் திறந்தேன். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரில் பெரிய படம் ஒரேயடியாக வராது, மேலிருந்து கீழே பட்டை பட்டையாக இறங்கும். முதலில் பந்தல் ஓலை வந்தது. அப்புறம் நெற்றித் திருநீறு, மூடிய கண்கள், உப்பிய கன்னம். நாதஸ்வரத்தின் வாய் தெரிகிறவரை நாங்கள் இரண்டு பேரும் மூச்சுவிடவில்லை.

"வந்துட்டாரு" என்றார் வீட்டுக்காரர், வெளியூர்ச் சொந்தக்காரர் ஒறம்பரையாக வாசலில் வந்து நின்ற மாதிரி.

அந்த ஒரு படத்தை அப்போதே இரண்டு ஃப்ளாப்பியில் துண்டாகப் பிரித்து எழுதிவைத்துவிட்டுத்தான் பக்கங்களை முடித்தேன். மறுநாள் மதியத்துக்குச் சற்றுப் பிந்தித்தான் போய்ச் சேர்ந்தேன், அச்சகத்துக்காரர் ஒன்றும் சொல்லவில்லை. பாய் ஊரிலிருந்து வந்ததும் இன்னொரு பெரிய டிஸ்க் வாங்கி, மூன்றிலும் இருப்பதை அப்படியே அதில் நகலெடுத்து, அதைப் பீரோவில் வைத்தேன். வாரம் ஒரு நாள், வெள்ளிக்கிழமை விளக்கேற்றும் முன் நகல் எடுப்பது என்று வழக்கமாக்கிக்கொண்டேன். டிஸ்க்குகளின் மேல் வீட்டுக்காரர் மில் பெயின்ட்டால் ஒன்று, இரண்டு, மூன்று என்று எழுதினார், ஓட்டையை விட்டுவிட்டு.

மலர் வரும் வரை காத்திருக்க எனக்கு மனம் வரவில்லை. ஸ்டுடியோவில் கொடுத்துப் படத்தைப் பெரிதாகப் போட்டு, ஊருக்குப் போய் நாதஸ்வரக்காரர் கையிலேயே கொடுத்தேன். மறைக்கக் கூடாதென்று நடந்ததையும் சொன்னேன்.

"பத்திரமா இருக்குதுன்னு உங்ககிட்டச் சொன்னனுங்கண்ணா. ஆனா அரை நாள் உங்கப்பாவைக் காணாமப் போட்டுட்டனுங்க."

அவர் படத்திலிருந்து கண்ணை எடுக்காமலே சிரித்தார். "உசுரோட இருக்கறப்பவும் அப்படித்தானுங்க அம்மணி. கச்சேரிக்குன்னு போனா மூணு நாள் கழிச்சுத்தான் ஊடு வந்து சேருவாரு."

பிறகு, வேட்டி நுனியால் படத்தின் ஓரத்தைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "இதே மாதிரி இன்னொண்ணு போட முடியுமுங்களா? பவானியில என்ற தங்கச்சி இருக்கறா. அவ ஊட்டுலயும் ஒண்ணு இருக்கட்டுமுங்க."